கேம் திறக்கவில்லையா? அழிப்பதற்கு முன் ஒரு பிளேன்டீ குடியுங்கள்

போன மாரியில் ஒரு பின்னேரம் பாலையூற்றிலிருந்து அக்காவின் மகன் போன் எடுத்தான். "மாமா, பிளே குடுத்தா ஒண்டும் வருதில்ல. அழிச்சிட்டுத் திரும்பப் போடப் போறன்."

"தொடாத. நான் வாறன்" என்று சொல்லிவிட்டு உவர்மலையிலிருந்து மழைக்குள் வெளிக்கிட்டேன். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை அழித்துவிட்டது. 70 ஜிபி. வீட்டு இன்டர்நெட் பொதியில் அந்த மாதம் மிச்சம் இருந்ததோ 20 ஜிபி சொச்சம். அதைவிடப் பெரிய கூத்து, அழித்த பிறகு லோஞ்சருக்குள் (கேமை விற்று, இறக்கி, திறந்துவிடும் ஸ்டீம், எபிக் மாதிரியான மென்பொருளுக்குள்) போகவே முடியவில்லை. திரையின் மூலையைப் பார்த்தேன். திகதி 2015 ஜனவரி என்று காட்டியது. மத்தியானம் கரண்ட் போய் வந்திருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பற்றரி செத்துப்போயிருந்ததால் கடிகாரம் பின்னுக்கு ஓடிவிட்டது. திகதி பிழையாக இருந்தால் சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்பாது. லோஞ்சர் உள்ளே விடாது. கேமில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை வழக்கமான வரிசைக்குத் தலைகீழ். "அன்இன்ஸ்டோல் செய்து மீண்டும் போடுங்கள்" என்பது பலரும் முதலில் சொல்லும் ஆலோசனை. டேட்டாவை அளந்து வாங்கும் ஊரில் அது கடைசி வரிக்குத்தான் சரி. இங்கே சொல்வதெல்லாம் வின்டோஸ் 10, 11 கணினிகளுக்கு.

எந்த இடத்தில் நிற்கிறது?

"ஓப்பின் ஆகவில்லை" என்ற ஒரே வசனத்துக்குள் நாலைந்து வேறு வேறு வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. டொக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எப்படி? லோஞ்சரே திறக்கவில்லையா? லோஞ்சர் திறந்து, பிளே அழுத்திய பின் ஒன்றும் நடக்கவில்லையா? கறுப்புத் திரை வந்து மறைகிறதா? ஏதாவது பெட்டி வந்து எதையோ சொல்கிறதா? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பிளே அழுத்துங்கள். கேமின் பெயர் பட்டியலில் தோன்றி, மெமரி எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் கேம் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். புதிய கேம்கள் பல முதல் தடவை திறக்கும்போது ஷேடர்களை (காட்சிகளை வரையும் சிறு நிரல்களை) தொகுக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கலாம். பொறுக்காமல் பத்துத் தடவை பிளே அழுத்துவதுதான் அப்போது நாம் செய்யும் பிழை.

பெயர் தோன்றி இரண்டு மூன்று விநாடியில் மறைந்தால், பெரும்பாலும் தேவையான கோப்பு ஒன்று இல்லை அல்லது எதுவோ அதைத் தடுக்கிறது. பெயர் வந்து அப்படியே செத்த பிணமாகக் கிடந்தால், அதைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். நேற்று மூடும்போது சரியாக மூடாத கேம் பின்னணியில் இன்னும் கிடப்பதும் உண்டு. "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று நினைத்து லோஞ்சர் புதிதாகத் திறக்காது. நான் பார்த்த கேஸ்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிட்டன.

காசும் டேட்டாவும் செலவாகாத மூன்று சோதனை

ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவது அதே பலனைத் தராது. வின்டோஸ் 8 வந்த நாளிலிருந்து பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் அமைப்பின் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் போடும். அதாவது பழைய கோளாறும் சேர்ந்தே எழும்பும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அப்புறம் திகதியும் நேரமும். செட்டிங்ஸில் "டைம் அண்ட் லாங்குவேஜ்" போய் "சிங்க் நவ்" அழுத்துங்கள். இலங்கை நேரம் கிரீனிச்சிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் பின்னே போயிருந்தால் வின்டோஸ் தானாகத் திருத்தாமல் விடலாம், கையால் மாற்றுங்கள். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் இதே கதை என்றால் அந்தப் பற்றரியை மாற்றுங்கள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

மூன்றாவது, சி டிரைவில் இடம் இருக்கிறதா? "கேமை டியில்தானே போட்டிருக்கிறேன்" என்பார்கள். கேம் டியில் இருந்தாலும் அதன் சேமிப்புகள், ஷேடர் கோப்புகள், வின்டோஸின் பேஜ் பைல் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் எழுதும் கோப்பு) எல்லாம் பெரும்பாலும் சியில்தான். அங்கே ஒரு ஜிபி மட்டும் மிச்சம் இருந்தால் கேம் மூச்சுவிட முடியாமல் விழும். 15, 20 ஜிபியாவது விட்டு வையுங்கள்.

இந்தக் கணினிக்கு இது ஏலுமா?

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் நம்மூரில் பலர் வைத்திருப்பது வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த, இரண்டாம் கை டெஸ்க்டொப்கள். நல்ல பெட்டிகள்தான், எழுத, படிக்க, ஸூமில் வகுப்புக் கேட்க ஒரு குறையும் இல்லை. கேம் என்று வரும்போது மூன்று இடத்தில் இடிக்கும்.

ஒன்று, ப்ரொசெசரின் தலைமுறை. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெலில் 2013இல் வந்த நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. அதைக் கேட்கும் கேமை மூன்றாம் தலைமுறையில் திறந்தால், பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிவிடும்.

இரண்டு, டிரெக்ட்எக்ஸ், அதாவது கேம் கிராபிக்ஸ் சிப்போடு பேச உதவும் வின்டோஸ் மென்பொருள். ஸ்டார்ட் மெனுவில் டிஎக்ஸ்டயக் என்று ஆங்கில எழுத்தில் தட்டித் திறந்தால் முதல் பக்கத்தில் "டிரெக்ட்எக்ஸ் 12" என்று இருக்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். அது வின்டோஸில் இருக்கும் மென்பொருளின் எண். டிஸ்ப்ளே பக்கத்தில் "ஃபீச்சர் லெவல்ஸ்" என்ற வரிதான் உங்கள் கிராபிக்ஸ் சிப்பின் உண்மையான சாதகம். அங்கே 12_0 இல்லாமல் 11_0 மட்டும் இருந்தால், 12_0 கேட்கும் கேம் திறக்காது. இன்னொன்றும் உண்டு: நான்காம் தலைமுறை இன்டெல் உள்கிராபிக்ஸில் டிரெக்ட்எக்ஸ் 12 வசதியை, ஒரு பாதுகாப்புக் குறைபாட்டுக்காக, இன்டெலே புதிய டிரைவர்களில் நிறுத்திவிட்டது. "போன வருசம் ஓடினது, டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு ஓடுதில்ல" என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று, வின்டோஸின் பதிப்பு. வின்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் ஆதரவை நிறுத்திவிட்டது. 32 பிட் வின்டோஸ் இருந்தால் இன்றைய கேம்களை மறந்துவிடுங்கள்.

பெட்டி என்ன சொல்கிறது? வாசியுங்கள்

பிழைப்பெட்டி வந்ததும் ஓகே அழுத்திவிட்டு "ஏதோ இங்கிலிசில வந்துச்சு" என்று சொல்வதுதான் வழக்கம். போனில் ஒரு படம் எடுங்கள். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும்.

விசிரன்டைம்140 அல்லது எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் கோப்பு (பல மென்பொருள்கள் பகிர்ந்து பாவிக்கும் உதவிக் கோப்பு) இல்லை என்று வந்தால், மைக்ரோசொப்டின் விஷுவல் சி++ தொகுப்பு இல்லை அல்லது உடைந்திருக்கிறது. 2015 முதலான பதிப்புகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாக மைக்ரோசொப்ட் இலவசமாகத் தருகிறது. அதில் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் போடுங்கள். "என்னுடையது 64 பிட்" என்று ஒன்றை மட்டும் போட்டு ஏமாந்தவர்கள் அதிகம். 64 பிட் வின்டோஸில் ஓடும் 32 பிட் கேமுக்கு எக்ஸ்86 தொகுப்புத்தான் வேண்டும். டி3டிஎக்ஸ்9_43 அல்லது எக்ஸ்இன்புட்1_3 இல்லை என்றால் பழைய டிரெக்ட்எக்ஸ் கோப்புகள் வேண்டும். 2010 ஜூன் மாதத் தொகுப்பில் அவை இருக்கின்றன. டிரெக்ட்எக்ஸ் 12 இருந்தாலும் இவை தானாக வருவதில்லை.

0எக்ஸ்சி000007பி என்ற எண் வந்தால், பெரும்பாலும் 32 பிட் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் 64 பிட் கோப்பு அல்லது அதற்கு மாறாக ஏறியிருக்கிறது. இது எப்படி நடக்கிறது தெரியுமா? பல நேரம், டிஎல்எல் கோப்பைத் தனியாகத் தரும் தளங்களில் இருந்து ஒன்றை இறக்கி, சிஸ்டம்32க்குள் போட்டதால். அந்தத் தளங்கள் பக்கம் போகாதீர்கள். கோப்பு பிழையானது என்பது ஒரு பக்கம், அதோடு என்ன வருகிறது என்பது இன்னொரு பக்கம்.

டேட்டா இல்லாதவர்களுக்கு ஒரு உபாயம்: ஸ்டீம் கேம்கள் பலவற்றின் கோப்புறைக்குள் "கொமன்ரெடிஸ்ட்" என்று முடியும் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். மேலே சொன்ன தொகுப்புகள் அதற்குள்ளேயே கிடக்கும். அங்கிருந்தே போடலாம்.

ஒன்றும் சொல்லாமல் மூடினால்

கேம் வாய் திறக்காவிட்டாலும் வின்டோஸ் குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு நாட்காட்டி போன்ற வரைபடம் வரும். சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் புள்ளடி உள்ள நாளை அழுத்தி, கேமின் பெயரைத் தேடி, விவரத்தைத் திறங்கள். அதில் "போல்ட் மொடியுல் நேம்" என்ற வரி முக்கியம்.

அந்தப் பெயர் என்வி என்று தொடங்கினால் என்விடியா டிரைவர். ஏடிஐ, ஏஎம்டி என்று தொடங்கினால் ஏஎம்டி டிரைவர். ஐஜி என்று தொடங்கினால் இன்டெல் கிராபிக்ஸ். விசிரன்டைம் என்றால் மேலே சொன்ன தொகுப்பு. கேமின் சொந்தப் பெயரே இருந்தால் கேம் கோப்புகளைச் சந்தேகியுங்கள். என்டிடிஎல்எல் (வின்டோஸின் சொந்தக் கோப்பு) என்று வந்தால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள்; யார் செய்த குற்றத்துக்கும் அதன் பெயர்தான் அடிபடும்.

கோப்புகளைச் சரிபார்த்தல், கரண்ட் கட், ஒரு குரங்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடு முழுவதும் கரண்ட் போனது. அமைச்சரே அப்படித்தான் காரணம் சொன்னார். அந்த நேரத்தில் எத்தனை கேம்கள் பாதி அப்டேட்டில் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் அறுந்துவிடும். பெயர் இருக்கும், அளவும் இருக்கலாம், உள்ளே குப்பை.

இதற்கு முழுக் கேமையும் அழிக்க வேண்டியதில்லை. ஸ்டீமில் லைப்ரரியில் கேமின் மேல் வலது கிளிக், ப்ரொபர்ட்டிஸ், இன்ஸ்டோல்ட் பைல்ஸ், அங்கே "வெரிபை" என்ற பொத்தான். எபிக்கில் கேமின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளி, மனேஜ், வெரிபை. இது ஒவ்வொரு கோப்பையும் சோதித்து, உடைந்ததை மட்டும் இறக்கும். 70 ஜிபி கேமில் 300 எம்பியோடு வேலை முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோப்பு உடைகிறது என்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். ஹார்ட் டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் கேமை விட்டுவிட்டு முதலில் குடும்பப் படங்களைக் கொப்பி எடுங்கள்.

அன்டிவைரஸ் தின்றதா?

வின்டோஸ் செக்கியூரிட்டியில் "ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி" பாருங்கள். கேம் கோப்பு எதையாவது பிடித்து அடைத்திருந்தால் அங்கே தெரியும். ஸ்டீம் போன்ற இடத்தில் வாங்கிய கேம் என்றால் கோப்பை மீட்டு, அந்தக் கோப்புறையை மட்டும் விதிவிலக்காகச் சேர்க்கலாம். அதே இடத்தில் "கொன்ட்ரோல்ட் போல்டர் அக்செஸ்" இயங்கிக்கொண்டிருந்தால், டொக்கியுமென்ட்ஸுக்குள் சேமிக்கப் பார்க்கும் கேமை அது தடுக்கும்.

பென் டிரைவில் கைமாறி வரும், பூட்டை உடைத்த களவுக் கேம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அன்டிவைரஸை நிப்பாட்டிப் போட்டுப் போடுங்கோ" என்று கூடவே ஒரு குறிப்பு வரும். அது ஏன் கத்துகிறது என்று உங்களுக்கும் தெரியாது, தந்தவருக்கும் தெரியாது. அம்மா பாங்க் கணக்குப் பார்க்கும் அதே கணினியில் இதைச் செய்யாதீர்கள். இவ்வகை கேம்களுக்கு இந்த வழிகாட்டியின் வெரிபை படியும் இல்லை, ஆதரவும் இல்லை.

தமிழில் பெயர் வைத்த கணக்கு

இதை ஆங்கில வழிகாட்டிகளில் லேசில் காண மாட்டீர்கள். வின்டோஸ் போடும்போது ஆசையாகத் தமிழில் பயனர் பெயர் கொடுத்திருப்பீர்கள். இணையக் கணக்கு இல்லாமல் அப்படிச் செய்தால், சி டிரைவில் யூசர்ஸ் என்பதற்குள் உங்கள் கோப்புறையின் பெயரும் தமிழ் எழுத்திலேயே உருவாகும். கேம் தன் அமைப்புகளையும் சேமிப்பையும் எழுதப் போவது அதற்குள்தான். பழைய கேம்கள் சிலவற்றுக்கு ஆங்கில எழுத்து அல்லாத பாதை புரியாது. கேள்விக்குறிகளாகப் பார்த்துவிட்டு, அப்படி ஓர் இடமே இல்லை என்று மூடிக்கொள்ளும்.

செட்டிங்ஸில் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், கோப்புறை மாறாது. கோப்புறையைக் கையால் பெயர் மாற்றப் போனால் கணக்கே குழம்பிவிடும். சுலபமான வழி, ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்து இன்னொரு லோக்கல் கணக்கை உருவாக்கி, அதற்குள் போய் கேமைத் திறந்து பார்ப்பது. அங்கே ஓடினால் காரணம் உங்கள் பழைய கணக்கில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தாக இல்லாமல், உடைந்த ஓர் அமைப்புக் கோப்பாகவும் இருக்கலாம். ஆக இந்தச் சோதனை பெயர் ஆங்கிலத்தில் உள்ளவர்களுக்கும் உதவும். கேமையே தமிழ்ப் பெயருள்ள கோப்புறைக்குள் வைத்திருந்தாலும் இதே தொல்லைதான்.

அமைப்புக் கோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் மொனிட்டர் தாங்காத ரெசலூஷனைக் கேம் நினைவில் வைத்திருந்தாலும் கறுப்புத் திரையோடு நிற்கும். ஆல்ட், என்டர் சேர்த்து அழுத்தினால் ஜன்னலாகச் சுருங்கலாம். இல்லையென்றால் டொக்கியுமென்ட்ஸிலோ, ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் என்பதிலோ கேமின் பெயருள்ள கோப்புறையைத் தேடி, அதன் பெயரின் பின்னால் "பழசு" என்ற அர்த்தத்தில் இரண்டு எழுத்துச் சேர்த்துவிடுங்கள். கேம் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சேமிப்புகள் அதற்குள் இருக்கக்கூடும் என்பதால் அழிக்காதீர்கள்.

கிராபிக்ஸ்

தனிக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கிப் பூட்டிவிட்டு, எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டின் துளையிலேயே விட்டிருப்பவர்களை ஆண்டுக்கு ஒருவராவது சந்திக்கிறேன். வயர், கார்டின் துளையில் இருக்க வேண்டும். லெப்டொப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போய், கேமைச் சேர்த்து "ஹை பெர்போமன்ஸ்" தெரிவுசெய்யுங்கள்.

டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்தே இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே அழுத்தில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் வேண்டாம். புது டிரைவர் போட்ட அன்றிலிருந்துதான் பிரச்சினை என்றால் டிவைஸ் மனேஜரில் "ரோல் பாக்" கொடுத்துப் பழையதற்குத் திரும்புங்கள்.

பின்னணியில் ஓடுபவை

டிஸ்கோர்ட் ஓவர்லே, எப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற எண்) காட்டும் மென்பொருள், திரையைப் பதிவு செய்வது எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறந்து பாருங்கள். இவை கேமின் திரைக்குள் தங்களைச் செருகிக்கொள்கின்றன. சில கேம்களுக்கு, முக்கியமாக மோசடித் தடுப்பு உள்ளவற்றுக்கு, அது பிடிக்காது.

மோசடித் தடுப்பு என்றால் இன்னொன்று. வின்டோஸ் 11இல் வலொரண்ட் என்ற கேமைத் திறக்க டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்கியூர் பூட் (கணினி எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி) இரண்டும் வேண்டும். பயோஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங்ஸில்) போய் மாற்றும் விஷயம் இது. செக்கியூர் பூட்டுக்கு யூஇஎப்ஐ என்ற புதிய எழும்பும் முறை வேண்டும். ஆனால் உங்கள் வின்டோஸ் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் இருந்தால், பயோஸில் லெகசியிலிருந்து யூஇஎப்ஐக்கு மாற்றிய கணமே வின்டோஸ் எழும்பாது. பயப்பட வேண்டாம், திருப்பி மாற்றினால் எழும்பும். பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்ட லெப்டொப் என்றால் மீட்புத் திறவுகோலை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கை வையுங்கள். இந்த ஒரு படியை மட்டும் விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்வேன்.

இத்தனைக்கும் மசியாவிட்டால்

கேம் மட்டுமா விழுகிறது, மற்றவையும் விழுகின்றனவா? பிரவுசர் தாள்கள் தானாக மூடுவது, நீலத் திரை வருவது எல்லாம் சேர்ந்திருந்தால் மெமரியைச் சோதியுங்கள். ஸ்டார்ட் மெனுவில் "வின்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்" இருக்கிறது. கடற்காற்று அடிக்கும் வீடுகளில் ராம் பட்டையின் தங்கக் கால்கள் மங்கிப்போவது எனக்குப் புதிதல்ல. கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, பட்டையை எடுத்து மென்மையான அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியைத் தட்டித் திரும்பப் பூட்டினால் சில நேரம் அதுவே போதும்.

சரி, இப்போது அழிக்கலாம். அதற்கு முன் சேமிப்புக் கோப்புறையை வேறிடத்தில் கொப்பி எடுங்கள். அதே கேம் வைத்திருக்கும் கூட்டாளி யாராவது இருந்தால் அவருடைய கணினியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 2023 முதல் ஸ்டீமில், ஒரே ரவுட்டரில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து கேமை இழுத்துக்கொள்ள முடியும். இன்டர்நெட் டேட்டா அநேகமாகச் செலவாகாது. உங்கள் கணக்கிலும் அந்தக் கேம் இருக்க வேண்டும், கூட்டாளியும் தன் ஸ்டீம் செட்டிங்ஸில் நண்பர்களுக்கு அனுப்ப அனுமதித்திருக்க வேண்டும். என் மருமகனுக்கு அப்படித்தான் செய்தோம். அன்புவழிபுரத்துப் பெடியன் ஒருவன் முச்சக்கரவண்டியில் மடியில் சிபியுவோடு வந்து இறங்கினான். கூட்டாளி இல்லையென்றால் இரவு டேட்டா நேரத்துக்கு வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

புதிதாகப் போட்டும் அதே இடத்தில் நின்றால் காசைத் திருப்பிக் கேளுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் தருவார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிழைப்பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரமும் விளையாடிய நேரமாகவே கணக்கில் ஏறும். எழும்புவதற்கு முன் டாஸ்க் மனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்துவிடுங்கள்.